பிறர் வடிவமைத்த ஒரிகாமியைக் கற்பிக்கும்போது: யாரிடம், எதற்கு, எப்படி அனுமதி கேட்பது

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு பாடசாலையில் ஒரிகாமி என்னும் கடதாசி மடிப்பு வகுப்புத் தொடங்கும் ஆசிரியருக்கு முதல் சில வாரங்கள் அனுமதி என்ற பேச்சே எழாது. கத்திக் கப்பல், கொக்கு, பாயும் தவளை, ஊதினால் உப்பும் பந்து எல்லாம் பழையவை. யார் முதலில் மடித்தார்கள் என்று எவருக்கும் தெரியாது, எவரிடமும் கேட்க வேண்டியதும் இல்லை.

அப்புறம் ஒரு நாள் தரம் எட்டுப் பிள்ளை ஒன்று வீட்டுப் போனில் பார்த்த வீடியோவைப் பற்றிச் சொல்லி, "சேர், இதைப் பழக்குங்கோ" என்று கேட்கும். எட்டுத் துண்டுகளைக் கோத்துச் செய்த நட்சத்திரம். வெளியே இழுத்தால் வளையமாகும், உள்ளே தள்ளினால் திரும்பவும் நட்சத்திரமாகும். வீடியோவில் 'நிஞ்சா நட்சத்திரம்' என்று மட்டும் போட்டிருக்கும். அதை வடிவமைத்தவர் ரொபர்ட் நீல் என்ற அமெரிக்கர். அவர் வைத்த பெயர் 'பின்வீல்-ரிங்-பின்வீல்'. வீடியோ போட்டவர்களில் பலர் அவர் பெயரைச் சொல்வதே இல்லை.

அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது, அதைப் பழக்க யாரிடம் என்ன கேட்பது என்பதுதான் இங்கே விஷயம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு முன்னால் இருந்து மடித்துக் காட்டப் பயப்படத் தேவையில்லை. படத்தைக் கொப்பி எடுக்கும்போதும், வீடியோவாக்கும்போதும், காசு கைமாறும்போதும் கேட்டே ஆக வேண்டும். பெயரை எந்த நேரத்திலும் விடக்கூடாது.

முதலில், எதற்கு உரிமை என்று பிரித்துப் பாருங்கள்

ஓர் ஒரிகாமி உருவில் மூன்று விஷயங்கள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன: மடிக்கும் முறை, அந்த முறையை விளக்கி வரைந்த படங்கள், மடித்து முடித்த உரு. குழப்பம் எல்லாம் இவற்றை ஒன்றாகப் போட்டுப் பேசுவதால்தான் வருகிறது.

நம் நாட்டில் இதற்குரிய சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். எண்ணம், செய்முறை, ஒழுங்குமுறை போன்றவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை என்று அதன் 8ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே 'இந்த மூலையை இங்கே மடி' என்ற வெறும் செய்முறையை ஒருவர் தனக்கு மட்டும் என்று பூட்டி வைப்பது கடினம். ஆனால் அந்தச் செய்முறையைக் காட்ட ஒருவர் வரைந்த படிமுறைப் படங்களும், எழுதிய விளக்கமும், எடுத்த ஒளிப்படமும் அவருடைய ஆக்கங்கள். அவற்றுக்கு உரிமை உண்டு. பதிவு செய்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அவர் இருக்கும் காலம் முழுவதும், இறந்த பிறகு 70 ஆண்டும் அந்த உரிமை நிற்கும். நவீன ஒரிகாமியின் தந்தை என்று சொல்லப்படும் அகிரா யோஷிசாவா 2005இல் காலமானார். அவர் வரைந்த படங்கள் 2075 வரை பொதுச் சொத்து ஆகாது. முடித்த உருவைச் சிற்பம் போல ஓர் ஆக்கமாகக் கொள்ளலாம் என்று வடிவமைப்பாளர்கள் வாதிடுகிறார்கள். அது இன்னும் தெளிவாகத் தீராத இடம்.

அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு கற்பித்தலுக்கு, வகுப்பறைக்கான பல பிரதிகள் உட்பட, 'நியாயமான பயன்பாடு' என்று இடம் விடுகிறது. இதைப் பிடித்துக்கொண்டு "பாடசாலை என்றால் எதையும் கொப்பி எடுக்கலாம்" என்று சொல்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. வணிக நோக்கமா, எவ்வளவு எடுத்தீர்கள், அந்த ஆக்கத்தின் சந்தையை அது பாதிக்கிறதா என்றெல்லாம் பார்த்துத்தான் நியாயம் தீர்மானிக்கப்படும். ஒரு பக்கத்தை ஒரு வகுப்புக்கு எடுப்பதும், முழுப் புத்தகத்தையும் ஸ்கான் பண்ணி வலயத்துக்கே அனுப்புவதும் ஒன்றல்ல. 10ஆம் பிரிவு ஆக்கியவரின் பெயரைக் குறிப்பிடும் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. அந்த உரிமை காசோடு சம்பந்தப்பட்டதல்ல.

மடிப்புக்கோட்டுப் படம் என்று ஒன்று உண்டு. உருவை விரித்தால் தாளில் தெரியும் கோடுகளின் வரைபு. அதை வெறும் கோடு என்று நினைத்து எடுத்து ஒட்டுபவர்கள் 2011இல் அமெரிக்காவில் நடந்ததைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ரொபர்ட் லாங், தொஷிகசு கவாசாகி உட்பட ஆறு ஒரிகாமிக் கலைஞர்கள் சேர்ந்து ஓர் ஓவியர்மீது வழக்குப் போட்டார்கள். தங்கள் மடிப்புக்கோட்டுப் படங்களுக்கு நிறம் பூசி, பெயர் சொல்லாமல் ஓவியங்களாக்கினார் என்பது முறைப்பாடு. 2013இல் இரு தரப்பும் இணங்கித் தீர்த்துக்கொண்டன. நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் நிலைக்குப் போகவில்லை. கோடுகளுக்கும் சொந்தக்காரர் உண்டு என்று அந்தக் கலைஞர்கள் எவ்வளவு உறுதியாக நினைக்கிறார்கள் என்பது அதில் தெரிந்தது.

சட்டம் அவ்வளவுதான். ஒரிகாமி உலகில் சட்டத்தைவிட வழக்கம் கறாரானது. அமெரிக்காவின் ஒரிகாமியூஎஸ்ஏ அமைப்பு தன் மாநாட்டில் கற்பிக்க வருபவர்களிடம், உரு பாரம்பரியமானதாகவோ அவர்களுடையதாகவோ இல்லாவிட்டால், வடிவமைத்தவரின் அனுமதி இருக்க வேண்டும் என்று கேட்கிறது. முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்தை மேடையேற்றும்போது எந்த அண்ணாவியார் பழக்கியது என்று சொல்லாமல் விடுவார்களா? கதை எல்லாருக்கும் பொது, பழக்கியவர் பெயர் பொது அல்ல. இதுவும் அப்படித்தான்.

வடிவமைத்தவரைக் கண்டுபிடிப்பது

வேலையில் பெரும் பகுதி இதுதான். அனுமதிக் கடிதம் பத்து நிமிடத்தில் எழுதலாம். யாருக்கு எழுதுவது என்று கண்டுபிடிக்கத்தான் ஒரு பின்னேரம் போகும்.

"இது பாரம்பரியமானது" என்ற முடிவுக்கு அவசரப்பட்டுப் போக வேண்டாம். பழையவை என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை கொஞ்சம்தான்: கொக்கு, கப்பல், தவளை, சாமுராய்த் தொப்பி, விரல்களில் மாட்டி ஆட்டும் குறிசொல்லி, சிறகடிக்கும் பறவை போன்றவை. ஒரே தாளில் பல கொக்குகளை ஒட்டியபடி மடிக்கும் வித்தை 1797இல் ஜப்பானில் அச்சான நூலிலேயே இருக்கிறது. இவற்றுக்கு வெளியே, பல துண்டுகளைக் கோத்துச் செய்யும் பந்துகள், ரோஜாக்கள், கால் விரல் வரை உள்ள பூச்சிகள், செதில் தெரியும் டிராகன்கள் என்று நீங்கள் பார்த்து வியப்பவற்றில் அநேகமானவை கடந்த எழுபது எண்பது ஆண்டுகளுக்குள் ஒரு குறிப்பிட்ட மனிதர் இருந்து யோசித்துக் கண்டவை. அவர்களில் பலர் இன்றும் இருக்கிறார்கள், மின்னஞ்சலுக்குப் பதிலும் போடுகிறார்கள்.

புத்தகத்தில் எடுத்தால் சுலபம். உருவின் தலைப்புக்குக் கீழேயே பெயர் இருக்கும். ஆனால் கவனியுங்கள், புத்தகம் எழுதியவரும் உருவை வடிவமைத்தவரும் ஒருவராக இருக்க வேண்டும் என்றில்லை. படம் வரைந்தவர் மூன்றாவது ஆளாகவும் இருக்கலாம். வீடியோ என்றால் முதலில் விளக்கக் குறிப்பை விரித்துப் படியுங்கள். அங்கே இல்லாவிட்டால், முடித்த உருவைப் போனில் படமெடுத்துப் படத் தேடலில் போடுங்கள். அதே உருவைப் பெயருடன் போட்ட யாராவது ஒருவர் கிடைப்பார். இரண்டு இடங்களில் ஒரே பெயர் வந்தால் பெரும்பாலும் சரி. எல்லா இடத்திலும் 'தெரியாது' என்றே வந்தால், அந்த உருவை வகுப்பில் மடிக்கலாம், அச்சிட வேண்டாம். பலகையில் 'வடிவமைத்தவர் தெரியவில்லை' என்று எழுதுங்கள். 'பாரம்பரியம்' என்று எழுதாதீர்கள். இரண்டும் வேறு.

சில உருக்களுக்கு ஒரு பெயர் போதாது. கணித வகுப்பில் எல்லாரும் எடுக்கும் சொனோபே அலகு (ஒன்றோடொன்று கோப்பதற்காக மடிக்கும் துண்டு) மிட்சுனோபு சொனோபேயின் பெயரால் வருகிறது. அதில் ஆறைக் கோத்தால் கனசதுரம். மூன்றைக் கோத்து வரும் சின்ன உரு 'தொஷியின் நகை' என்று தொஷியே தகாஹாமாவின் பெயரால் அழைக்கப்படுகிறது. முப்பது கோத்தால் முள்முள்ளாக நிற்கும் பெரிய பந்து. இன்னொன்று, ஐந்து நான்முகிகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னி நிற்கும் புகழ்பெற்ற உரு. அதை அமைத்தவர் அமெரிக்கக் கணிதவியலாளர் தொமஸ் ஹல். அதில் உள்ள ஒவ்வொரு துண்டும் சிங்கப்பூரின் பிரான்சிஸ் ஓ வடிவமைத்த அலகை அடிப்படையாகக் கொண்டது. இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்வதே முறை. உயர்தரப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். ஒருவர் செய்ததன்மேல் இன்னொருவர் கட்டுவது எப்படி என்று பாடம் எடுக்காமலே விளங்கும்.

உங்கள் பயன்பாடு எந்தப் படியில் நிற்கிறது

எல்லாவற்றுக்கும் ஒரே அனுமதி தேவையில்லை. சனசமூக நிலையத்திலோ வாசிகசாலையிலோ பதினைந்து பிள்ளைகளை இருத்தி, கையால் மடித்துக் காட்டி, காசு வாங்காமல் பழக்குகிறீர்கள் என்றால் பெயர் சொல்லிவிட்டு நடத்துங்கள். நேரம் இருந்தால் ஒரு வரி எழுதிச் சொல்லலாம். அநேக வடிவமைப்பாளர்களுக்கு அது சந்தோஷம்.

புத்தகப் பக்கத்தைப் போட்டோகொப்பி எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது அடுத்த படி. ஒரு வகுப்புக்கு ஒரு பக்கம் என்றால் 11ஆம் பிரிவு உங்களுக்குத் துணை நிற்கக்கூடும். ஆனாலும் நான் கேட்டுவிட்டுக் கொடுப்பதையே சொல்வேன். உண்மையில் தாளே தேவைப்படாது. பெரிய தாளில் நீங்கள் மடிக்க, பிள்ளைகள் பார்த்து மடிப்பதுதான் ஒரிகாமி பழகும் நல்ல வழி. படத்தைக் கையில் கொடுத்தால் முன் வாங்கில் இருப்பவர்கள் ஐந்தாம் படிக்கு ஓடிவிடுவார்கள், பின்னால் இருப்பவர்கள் இரண்டாம் படியில் அழுவார்கள்.

கீழே வருபவற்றுக்கு எழுத்தில் அனுமதி இல்லாமல் தொடங்கவே வேண்டாம்: வகுப்பை வீடியோ எடுத்து யூடியூபில் போடுவது, படங்களைத் தமிழ் விளக்கத்துடன் கைநூலாக அச்சிடுவது, கட்டணம் வாங்கும் வகுப்பு, மடித்த உருக்களை விற்பது. மொழிபெயர்ப்பும் மூலத்தின் உரிமைக்குள்தான் வரும். "நான் திரும்ப என் கையால் வரைந்தேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. அதே படிகளை அதே ஒழுங்கில் பார்த்து வரைந்தது பார்த்தவுடனே தெரியும்.

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளைகளுக்கு இங்கிருந்து சூமில் வகுப்பு எடுப்பவர்கள் இப்போது நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். அது கட்டண வகுப்பு. அங்கத்தைய சட்டமும் சேர்ந்து வரும், பதிவு செய்த வீடியோ யார் யாரிடமோ போகும். இதற்குத் தனியாகக் கேளுங்கள்.

கடிதம்

நீங்கள் எழுதப்போகும் ஆள் ஜப்பானிலோ இத்தாலியிலோ இருப்பார். உங்கள் ஊரை அவருக்குத் தெரியாது. உங்களுக்கு ஆங்கிலம் தடக்கினால் பரவாயில்லை, அவருக்கும் தடக்கலாம். சின்னச் சின்ன வசனங்களாக எழுதுங்கள். ஜப்பானியர் என்றால் கணினி மொழிபெயர்ப்பைக் கீழே சேர்த்து, அது கணினி செய்தது என்று ஒரு வரி போடுங்கள். கடிதத்தின் உள்ளடக்கம் தமிழில் இப்படி இருக்கலாம்:

"வணக்கம். நான் இலங்கையின் வடக்கில், கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு பாடசாலை ஆசிரியர். எங்கள் கணிதக் கழகத்தில் தரம் 8, 9 மாணவர்கள் இருபது பேருக்கு உங்கள் இந்த உருவை (பெயர்) கற்பிக்க விரும்புகிறேன். உங்கள் இந்தப் புத்தகத்தில் (பெயர், பக்கம்) இருந்து நான் பழகினேன். வகுப்பு ஒரு தடவை, அடுத்த மாதம் இந்தத் திகதியில். கட்டணம் இல்லை. படங்களைப் பிரதி எடுக்க மாட்டேன், வீடியோ எடுக்க மாட்டேன். வகுப்பிலும் கண்காட்சியிலும் உங்கள் பெயரைக் குறிப்பிடுவேன். இதற்கு உங்கள் அனுமதி கிடைக்குமா? நான் மடித்த உருவின் படத்தை இணைத்துள்ளேன்."

இதில் இரண்டு இடம் முக்கியம். ஒன்று, என்ன செய்வீர்கள் என்பதோடு என்ன செய்ய மாட்டீர்கள் என்பதையும் சொல்லியிருக்கிறது. வடிவமைப்பாளரின் பயம் எல்லாம் அந்தச் 'செய்ய மாட்டேன்' பக்கத்தில்தான். இரண்டாவது, அந்தப் படம். ஏ4 தாளைச் சதுரமாக வெட்டி நீங்களே மடித்த உரு, வகுப்பறை மேசையில் வைத்து எடுத்தது, போதும். மாங்குளத்தில் ஒரிகாமித் தாள் எங்கே கிடைக்கப்போகிறது? சாதாரணத் தாளில் சரியாக மடித்திருக்கிறீர்கள் என்று பார்த்தாலே நீங்கள் சும்மா கேட்கவில்லை என்று அவருக்கு விளங்கும். மடிக்க வராத உருவுக்கு அனுமதி கேட்காதீர்கள். முதலில் பழகுங்கள்.

வறுமையையும் போரையும் எழுதி இரக்கம் தேட வேண்டாம். வன்னி என்றவுடன் அதை எழுதக் கை தானாகப் போகும். கேட்பது தானம் அல்ல, மரியாதைக்குரிய ஒரு சின்ன ஒப்புதல். ஆசிரியர் ஆசிரியராகவே எழுதினால் போதும்.

வகுப்புக்கு ஒரு மாதம் முன்னராவது அனுப்புங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையா, ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் இல்லையா, அதைச் சம்மதம் என்று எடுக்கக் கூடாது. அச்சு, வீடியோ, விற்பனை என்றால் வேறு உருவுக்கு மாறுங்கள். வடிவமைத்தவர் காலமாகிவிட்டால் குடும்பத்தினரிடமோ புத்தகத்தைப் போட்ட பதிப்பகத்திடமோ கேட்க வேண்டும். சிலர் தங்கள் படங்களை, எவரும் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டிருப்பார்கள். அப்போது கடிதமே வேண்டாம். ஆனால் வணிகத்துக்கு ஆகாது, மாற்றக் கூடாது என்ற நிபந்தனைகள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

"வேண்டாம்" என்று பதில் வந்தால் ஏன் என்று கேட்காமல் நன்றி சொல்லி விடுங்கள். அவர் அடுத்த ஆண்டு அதைப் புத்தகமாகப் போட இருக்கலாம். அதே வகுப்புக்கு அரை மணி நேரத்தில் மாற்று உரு கிடைக்கும்.

வகுப்பிலும் கண்காட்சியிலும்

பலகையில் முதலில் உருவின் பெயர், அதன் கீழ் வடிவமைத்தவர் பெயர், நாடு. பிள்ளைகளை ஒரு தடவை சத்தமாகச் சொல்ல வையுங்கள். 'தொஷிகசு கவாசாகி' என்று தரம் ஆறு சேர்ந்து சொல்வதைக் கேட்க நன்றாகவே இருக்கும். முடிந்த உருவின் அடியில் பென்சிலால் பெயரை எழுதச் சொல்லுங்கள். பிள்ளை வீட்டுக்குப் போய் மச்சாளுக்கும் தம்பிக்கும் பழக்கத்தான் போகிறது, அதைத் தடுக்கவும் முடியாது, தடுக்கவும் வேண்டாம். பெயரும் கூடவே போகட்டும்.

கண்காட்சிக்குப் பிறிஸ்டல் போட்டில் ஒட்டும் துண்டில் மூன்று வரி: 'சொனோபே கனசதுரம். வடிவமைத்தவர்: மிட்சுனோபு சொனோபே. மடித்தவர்: தரம் 7 மாணவர்கள்.' வெறுமனே 'எமது மாணவர்களின் ஆக்கம்' என்று எழுதும் பழக்கம் எல்லாப் பாடசாலைகளிலும் இருக்கிறது. அதிதி மாலை போட்டு வந்து பார்க்கும்போது பெருமையாகத்தான் இருக்கும், ஆனால் அது உண்மை இல்லை. பிள்ளை காதையோ வாலையோ மாற்றி மடித்திருந்தால் 'மாற்றம்: இன்னார்' என்று நான்காவது வரி சேருங்கள். அந்த வரியில் பிள்ளைக்கு வரும் பெருமை பொய்யில்லாத பெருமை.

சிறுவர் சந்தையில் கொக்கு விற்கலாம், தடையில்லை. நீலின் நட்சத்திரத்தை விற்க முன் கேளுங்கள், சேரும் காசு வாசிகசாலைக்குத்தான் என்றாலும்.

தொண்டு நிறுவனங்களின் திட்டங்களில் இன்னும் கவனம் தேவை. ஒரு நிறுவனம் நிதி தந்து, சிறுவர் செயற்பாட்டுக் கைநூல் அச்சிட்டு, சின்னம் பொறித்து ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளுக்கு அனுப்பினால் அது வெளியீடு. இலவசமாகக் கொடுத்தார்கள் என்பதால் வகுப்பறைப் பிரதி ஆகிவிடாது. வரவுசெலவுத் திட்டம் எழுதும்போதே வடிவமைப்பாளருக்கு ஒரு சிறு தொகையை ஒதுக்கச் சொல்லுங்கள். மேசை வாடகைக்கும் தேநீருக்கும் நிரல் இருக்கிறது, இதற்கும் ஒன்று போடலாம்.

வட்ஸ்அப்பில் வரும் பிடிஎப்

ஆசிரியர் குழுக்களில் முழுப் புத்தகங்கள் பிடிஎப் ஆகச் சுற்றுகின்றன. வெளிநாட்டுப் புத்தகம் வாங்க அட்டை வேண்டும், தபாற்செலவு வேண்டும், வந்து சேர மாதக்கணக்காகும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனாலும் அதை முன்னனுப்பாதீர்கள். அதில் பிடித்த உரு இருந்தால் வடிவமைத்தவரைத் தேடி நேரே எழுதுங்கள். சில வடிவமைப்பாளர்கள் தங்கள் தளத்தில் இலவசப் படங்களும் வைத்திருப்பார்கள். திருட்டுப் பிரதியைப் பார்த்து மடித்த உருவுக்கு "உங்கள் புத்தகத்தில் இருந்து பழகினேன்" என்று கடிதம் எழுதவும் கை வராது.

யாராவது முறைப்பாடு அனுப்பினால் வாதாடுவதற்கு முன் வீடியோவை இறக்குங்கள், தாளை மீளப் பெறுங்கள், அன்றே பதில் எழுதுங்கள். பெரிய தொகை சம்பந்தப்பட்டிருந்தால் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

கோப்பு

அனுமதி மின்னஞ்சல்களை அச்சிட்டு ஒரு கோப்பில் போடுங்கள். முன் பக்கத்தில் ஒரு அட்டவணை: உரு, வடிவமைத்தவர், எதற்கு அனுமதி, எதற்கு இல்லை, திகதி. வன்னியில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. வெளி மாவட்டத்திலிருந்து வந்து கஷ்டப் பிரதேசச் சேவை முடித்துப் போகும் ஆசிரியர்கள் அதிகம். இடமாற்றக் கடிதம் வந்தால் கழகமும் அவர்களோடு போய்விடும். ஆகவே கடிதத்திலேயே 'எனக்கும் எங்கள் கழகத்தில் எனக்குப் பின் வரும் ஆசிரியருக்கும்' என்று கேட்டு வையுங்கள். சம்மதித்தால் அட்டவணையில் அதையும் குறியுங்கள். உங்களுக்கு மட்டும் என்று தந்திருந்தால், புதிய ரீச்சர் திரும்ப எழுத வேண்டும். அதற்குப் பழைய கடிதப் பிரதி ஒன்றும் வடிவமைத்தவரின் முகவரியும் அந்தக் கோப்பிலேயே இருக்கட்டும். கோப்பை அதிபரின் அலுமாரியில் வையுங்கள், உங்கள் வீட்டில் அல்ல.